காணாமல் போன தவளைகளைத் தேடி...

புது தில்லி: காணாமல் போனவர்கள் குறித்து நாளிதழ்களில் அறிவிப்பு வெளியாவது வழக்கம். ஆனால் காணாமல் போன தவளைகளைக் கண்டுபிடித்துத் தருமாறு தலைநகரிலிருந்து ஓர் அழைப்பு வெளியானது. 2010-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் தேதி, தில்லி பல்கலைக்கழகத்தில் அப்போதைய மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் இந்தத் தேடலைத் தொடங்கி வைத்தார்.

"காணாமல் போன இந்திய இருவாழ்விகள்" என்பது அந்த இயக்கத்தின் பெயர். நீரிலும் நிலத்திலும் வாழும் தவளை, தேரை போன்ற உயிரினங்களையே இருவாழ்விகள் என்கிறோம். முன்பு ஒரு காலத்தில் அறிவியலாளர்களால் பார்க்கப்பட்டு, பெயரிடப்பட்டு, பின்னர் எவர் கண்ணிலும் படாமல் போன 50 இனங்கள் பட்டியலிடப்பட்டன. சில இனங்கள் காணாமல் போய் 20, 30 ஆண்டுகள் ஆகியிருந்தன. சிலவோ நூறாண்டைக் கடந்திருந்தன.

அவை அழிந்துவிட்டனவா, அல்லது தேடுவார் இல்லாததால் தென்படவில்லையா? இந்த ஒரு கேள்விக்கு விடை காண்பதே தேடலின் நோக்கம். அந்த விடை ஓரளவு கிடைத்தது. அதைத் தொடர்ந்து, அதைவிடக் கடினமான வேறொரு கேள்வியும் எழுந்துள்ளது.

தாவரவியலிலிருந்து தவளைக்கு

தேடலுக்குத் தலைமை தாங்கியவர், தில்லி பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றிய எஸ்.டி. பிஜு. கேரளத்தைச் சேர்ந்த இவர், தொடக்கத்தில் தாவரவியல் ஆய்வாளர். செடிகொடிகளைத் தேடிக் காட்டுக்குள் சென்றவரைத் தவளைகளின் குரல் திசை திருப்பியது. அதன் பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட புதிய இருவாழ்வி இனங்களை உலகுக்கு அறிமுகப்படுத்திய ஆய்வுகளில் இவருக்குப் பங்குண்டு. "இந்தியாவின் தவளை மனிதர்" என்றே இவர் அழைக்கப்படுகிறார்.

2003-ஆம் ஆண்டு, கேரளத்தின் இடுக்கி மாவட்டத்திலிருந்து ஊதா நிறத் தவளை ஒன்றை இவரும் பெல்ஜிய நாட்டு அறிவியலாளர் ஒருவரும் "நேச்சர்" ஆய்விதழில் அறிவித்தபோது உலகமே வியந்தது. ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்குள் கழித்துவிட்டு, மழைக்காலத் தொடக்கத்தில் இனப்பெருக்கத்துக்காக மட்டும் வெளியே வரும் தவளை அது. அதன் நெருங்கிய உறவினங்கள் வாழ்வது, இந்தியப் பெருங்கடலுக்கு அப்பால் உள்ள செஷல்ஸ் தீவுகளில்! இந்திய நிலப்பரப்பும் அத்தீவுகளும் ஒன்றாக இணைந்திருந்த தொன்மைக் காலத்தின் சாட்சியாக அது கருதப்படுகிறது.

இத்தனை விசித்திரமான ஓர் உயிரினம் 2003 வரை அறிவியல் பதிவேடுகளில் இடம்பெறவில்லை என்றால், பதிவேட்டில் ஏறிய பின் மறக்கப்பட்டவை எத்தனை இருக்கக் கூடும்? இந்த எண்ணத்துக்கு வலு சேர்த்த கண்டுபிடிப்புகளில் ஒன்று அது.

முகவரி: திருவிதாங்கூர்

காணாமல் போன தவளையைத் தேடுவது எளிதன்று. தேடுவோர் கையில் இருக்கும் துப்பு பெரும்பாலும் அருங்காட்சியகக் கண்ணாடிக் குடுவையில் ஒட்டப்பட்ட ஒரு பழைய சீட்டு மட்டுமே.

சென்னை மாகாணத்தின் வனத் துறைக்குத் தலைமை வகித்த ஆங்கிலேய அதிகாரி ரிச்சர்ட் ஹென்றி பெடோம், தென்னிந்தியக் காடுகளில் தாம் சேகரித்த தவளைகளையும் ஊர்வனவற்றையும் லண்டனுக்கு அனுப்பி வந்தார். அங்கிருந்த விலங்கியலாளர் ஆல்பர்ட் குந்தர் அவற்றை ஆராய்ந்து பெயரிட்டார். அவ்வாறு பெயர் பெற்ற சிறு பச்சைத் தவளை ஒன்றின் இருப்பிடம், "திருவிதாங்கூர்" என்று மட்டுமே குறிக்கப்பட்டிருந்தது. எந்த மலை, எந்த ஓடை, என்ன உயரம் என்ற விவரம் ஏதுமில்லை. ஒரு முழு சமஸ்தானமே அதன் முகவரி!

பெங்களூர் மத்தியக் கல்லூரியில் பணியாற்றிய பேராசிரியர் சி.ஆர். நாராயண ராவ், 1937-இல் மேற்குத் தொடர்ச்சி மலையின் பல தவளை இனங்களை விவரித்தார். "கரண்ட் சயின்ஸ்" ஆய்விதழின் முதல் ஆசிரியரும் இவரே. ஆனால் அவர் பாதுகாத்து வைத்திருந்த மாதிரிகள் பின்னர் தொலைந்து போயின. இதனால், இன்று ஒரு தவளை கையில் கிடைத்தாலும், அது ராவ் கண்ட தவளைதானா என்று ஒப்பிட்டுப் பார்க்க மாதிரி இல்லை. அவர் எழுதிய சில பக்க விவரிப்பே துணை. அவரது நினைவாக, மேற்குத் தொடர்ச்சி மலையின் புதர்த் தவளைகள் பலவற்றை உள்ளடக்கிய பேரினத்துக்கு 2010-இல் "ராவோர்செஸ்டஸ்" என்று பெயரிடப்பட்டது.

தேடல், பகலில் நடப்பதன்று. தவளைகள் குரல் கொடுப்பது பெரும்பாலும் மழைக்கால இரவுகளில். தலையில் கட்டிய விளக்குடன், அட்டைக் கடியைப் பொருட்படுத்தாமல், ஓடைகளிலும் புதர்களிலும் காது கொடுத்துக் காத்திருக்க வேண்டும். ஒவ்வோர் இனத்தின் ஆண் தவளைக்கும் தனிக் குரல் உண்டு என்பதால், குரலைப் பதிவு செய்து ஒப்பிடுவர். பின்னர் உடல் அளவுகளும் மரபணுவும் சரிபார்க்கப்படும். இவை அனைத்தும் பொருந்தினால்தான் ஒரு பெயரைக் "காணாமல் போனவை" பட்டியலிலிருந்து நீக்க முடியும்.

குப்பைத் தொட்டியில் கிடைத்த தவளை

முதல் கட்டத் தேடலின் முடிவுகள் 2011 பிப்ரவரியில் வெளியாயின. ஐந்து இனங்கள் மீண்டும் கண்டறியப்பட்டிருந்தன.

பெடோம் சேகரித்த பச்சைத் தவளை அவற்றில் முதன்மையானது. 1874-க்குப் பின் எவரும் காணாத அது, 136 ஆண்டுகளுக்குப் பிறகு தென்பட்டது. பளிச்சிடும் பச்சை உடல், சாம்பல் கலந்த நீலத் தொடைகள், பொன் திட்டுகள் கொண்ட கரிய கண்கள் என அதன் தோற்றமே தனி அழகு. நாராயண ராவ் 1937-இல் விவரித்த ஆனைமலைப் புள்ளித் தவளையும், மற்றொரு சிறு ஓடைத் தவளையும் 73 ஆண்டுகளுக்குப் பின் கிடைத்தன. வடக்கே, டேராடூன் பகுதி ஓடைத் தவளை சுமார் 25 ஆண்டுகள் கழித்துத் தென்பட்டது.

ஐந்தாவது இனம் கிடைத்த விதம் வேடிக்கையானது. கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்குக்கே உரிய சிறு தவளை ஒன்று 30 ஆண்டுகளாகக் காணப்படவில்லை. காடு முழுவதும் தேடிய குழுவினருக்கு, தேசியப் பூங்காவில் உள்ள கள நிலையத்தின் குப்பைத் தொட்டியில் அது காட்சியளித்தது.

இதே காலத்தில், சர்வதேச அமைப்பான "கன்சர்வேஷன் இன்டர்நேஷனல்" உலகின் பல நாடுகளில் 100 இனங்களைத் தேடியது. அவற்றில் கிடைத்தவை 4 மட்டுமே. இதனுடன் ஒப்பிட்டால், இந்தியத் தேடலின் முதல் கட்ட விளைவு நம்பிக்கையூட்டுவதாகவே இருந்தது.

மூங்கிலுக்குள் ஒரு தந்தை

ஒரு தவளை மீண்டும் கிடைப்பதன் பயன், பட்டியலில் ஒரு பெயரைத் திருத்துவதுடன் முடிவதில்லை. அது எப்படி வாழ்கிறது என்பதை அறியும் வாய்ப்பு அப்போதுதான் பிறக்கிறது.

மீண்டு வந்த பச்சைத் தவளையின் வாழ்க்கை, தமிழகத்தின் களக்காடு - முண்டந்துறை புலிகள் காப்பகத்தில் விரிவாக ஆராயப்பட்டது. கே.எஸ். சேஷாத்ரி உள்ளிட்ட ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவுகள் வியப்பூட்டுபவை. நாணல் போன்ற மெல்லிய மூங்கிலின் கணுக்களுக்கு இடையே, பூச்சிகளாலோ வேறு காரணத்தாலோ ஏற்பட்ட குறுகிய துளை வழியாக இத் தவளை உள்ளே நுழைகிறது. உட்புறச் சுவரில் முட்டைகள் இடப்படுகின்றன. நீரில் நீந்தும் தலைப்பிரட்டைப் பருவமே இதற்கு இல்லை. முட்டையிலிருந்து நேரடியாகக் குட்டித் தவளையே வெளிவருகிறது.

முட்டைகளைக் காவல் காப்பது தாயன்று, தந்தை! காவல் இல்லாத முட்டைகள் பிழைப்பது அரிது. காரணம், அதே இனத்தைச் சேர்ந்த மற்ற ஆண் தவளைகளே அவற்றைத் தின்றுவிடுவதும் உண்டு. 2018-இல் வெளியான ஆய்வு இதனைத் தெரிவித்தது.

இவ்விவரம் தெரிந்த பிறகு, பாதுகாப்பின் பொருளும் மாறுகிறது. காகிதக் கூழுக்காகவோ கூடை முடையவோ வரைமுறையின்றி மூங்கில் வெட்டப்பட்டால், இத்தவளையின் பிரசவ அறையும் தொட்டிலும் ஒருங்கே போய்விடும். தவளையைக் காப்பது என்றால் மூங்கிலைக் காப்பது என்று பொருள்.

மரப் பொந்தில் ஒரு தாய்

வடகிழக்கு மாநிலங்களிலும் இத்தகைய ஒரு கதை உண்டு. ஆங்கிலேய மருத்துவரும் இயற்கை ஆர்வலருமான தாமஸ் ஜெர்டன், 1870-இல் டார்ஜிலிங்கில் சேகரித்த மரத் தவளை, லண்டன் அருங்காட்சியகத்தில் இரண்டே மாதிரிகளாக எஞ்சியிருந்தது. அதன் பின் அதனைக் கண்டவர் எவருமில்லை.

2007-ஆம் ஆண்டு, வடகிழக்கில் தரையில் வாழும் தவளைகளைத் தேடிச் சென்ற பிஜுவின் குழுவினருக்கு, தலைக்கு மேலே மரங்களிலிருந்து இசை போன்ற ஒலி கேட்டது. ஏறிப் பார்த்தபோது கிடைத்தது ஜெர்டனின் தவளை. பல ஆண்டு ஆய்வுக்குப் பிறகு, 2016 ஜனவரியில் இச்செய்தி உலகுக்கு அறிவிக்கப்பட்டது. இது தனிப் பேரினம் என்பதும் அப்போது உறுதியானது.

தரையிலிருந்து 6 மீட்டர் உயரம் வரை உள்ள மரப் பொந்துகளில் இவை வாழ்கின்றன. பொந்தில் தேங்கும் மழைநீரில் தலைப்பிரட்டைகள் வளர்கின்றன. அவற்றுக்கு அங்கே உணவு ஏது? தாய்த் தவளை மீண்டும் மீண்டும் பொந்துக்கு வந்து, கருவுறாத முட்டைகளை இட்டுத் தன் பிள்ளைகளுக்கு ஊட்டுகிறது. தலைப்பிரட்டைகளின் வயிற்றில் முட்டைகள் நிறைந்திருந்ததைக் கொண்டு ஆய்வாளர்கள் இதனை அறிந்தனர்.

ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இத்தவளை கண்ணில் படாததற்கு மறைவான மரப்பொந்து வாழ்க்கை ஒரு காரணம். மேல் நோக்கிப் பார்ப்பார் இல்லாதது மற்றொரு காரணம். பொந்து விழும் அளவுக்கு முதிர்ந்த மரங்கள் இருக்கும் வரையில்தான் இத்தவளையும் இருக்கும் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டியுள்ளது.

காலடியில் இருந்தவை

தவளைகள் எல்லாம் அடர்ந்த காட்டின் நடுவில்தான் கிடைக்கும் என்பதில்லை. தில்லி பல்கலைக்கழக ஆய்வாளர் சோனாலி கார்க், பிஜு ஆகியோர் கேரள வனத் துறையினருடன் இணைந்து, மேற்குத் தொடர்ச்சி மலையில் ஐந்தாண்டு ஆய்வுக்குப் பின் ஏழு புதிய இரவுத் தவளை இனங்களை 2017-இல் அறிவித்தனர். அவற்றுள் நான்கு, கட்டைவிரல் நகத்தில் அமரக் கூடிய அளவே ஆனவை. 12 முதல் 16 மில்லிமீட்டர்தான் அவற்றின் நீளம். பூச்சியின் ரீங்காரம் போன்ற குரல் என்பதால், அருகில் கேட்டாலும் தவளை என்று எவரும் கருதவில்லை.

அவை கிடைத்த இடங்களைக் கவனிக்க வேண்டும். சில, தோட்டப் பயிர் நிலங்களில் கிடைத்தன. ஒன்று, லட்சக்கணக்கான பக்தர்கள் கூடும் சபரிமலைக்கு அருகே கிடைத்தது. மற்றொன்று, நீண்ட காலம் சர்ச்சைக்கு உள்ளான நீர்மின் திட்டம் முன்மொழியப்பட்ட அதிரப்பள்ளி அருவிக்கு அண்மையில் கிடைத்தது. பெயர் சூட்டப்பட்ட நாளிலேயே இவற்றின் எதிர்காலம் குறித்த கவலையும் எழுந்தது.

சரணாலயத்துக்கு வேலி உண்டு. வனக் காவலர் உண்டு. தேயிலைத் தோட்டத்து ஓடைக்கும் சாலையோரச் சதுப்புக்கும் அவை இல்லை. சாலையை விரிவுபடுத்த ஓடையில் ஒரு குழாய் பதித்தாலே, ஓரினத்தின் உலகம் முழுவதும் மறைந்துவிடக் கூடும். ஏனெனில், இத்தவளைகள் பலவற்றின் வாழிடம் ஒரே ஒரு மலைச் சரிவோ, ஒரே ஒரு பள்ளத்தாக்கோதான்.

இடத்தைச் சொல்லலாமா?

செயற்கைக்கோள் வழிகாட்டும் ஜி.பி.எஸ். கருவியைக் கொண்டு ஆடப்படும் புதையல் வேட்டை ஒன்று மேலை நாடுகளில் பெயர் பெற்றது. ஒருவர் ஒரு பெட்டியை ஒளித்து வைத்து, அதன் அட்சரேகை, தீர்க்கரேகையை வெளியிடுவார். மற்றவர்கள் அந்த எண்களைப் பின்தொடர்ந்து பெட்டியைக் கண்டெடுப்பர். ஜி.பி.எஸ். துல்லியத்துக்கு இருந்த கட்டுப்பாட்டை அமெரிக்கா நீக்கிய 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில், அந்நாட்டின் ஓரிகன் மாநிலத்தில் தொடங்கிய விளையாட்டு இது.

தவளை வேட்டையோ இதற்கு நேர்மாறானது. இங்கே இட எண்கள் தொடக்கத்தில் கிடைப்பதில்லை, முடிவில்தான் கிடைக்கின்றன. கிடைத்த பின், அவற்றை ஊரறியச் சொல்வதே ஆபத்தாக முடிகிறது.

2025 டிசம்பரில் வெளியான ஒரு செய்தி இதனை உணர்த்தியது. கேரளத்தின் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில், விரல் நுனி அளவே உள்ள அரிய கருந்தவளை ஒன்று உண்டு. கரிய உடலில் விண்மீன்கள் போன்ற வெளிர்நீலப் புள்ளிகள் மின்னுவதால், அதனை "விண்மீன் மண்டலத் தவளை" என்று ஆங்கிலத்தில் அழைக்கின்றனர். அதன் பேரினத்தில் அது ஒன்றே. மட்கி விழுந்த மரக்கட்டைகளின் அடியில் அது வாழ்கிறது.

2020-இன் தொடக்கத்தில் ஆய்வாளர் ஒருவர் ஒரே பகுதியில் ஏழு தவளைகளைக் கண்டிருந்தார். கரோனா கால முடக்கத்துக்குப் பின் அவர் மீண்டும் சென்றபோது, கட்டைகள் புரட்டிப் போடப்பட்டிருந்தன. செடிகள் மிதிபட்டிருந்தன. தவளைகள் ஒன்றுகூட இல்லை. படம் எடுப்பதற்காகக் குழு குழுவாக வந்தவர்கள் கட்டைகளைப் புரட்டியதாகவும், தவளைகளை வெறுங்கையால் பிடித்து இடம் மாற்றியதாகவும், இரண்டு தவளைகள் அவ்வாறு இறந்ததாகவும் அவருக்குத் தெரிய வந்தது.

தவளையின் தோல், மனிதத் தோலைப் போன்றதன்று. அதன் வழியாகவே அது நீரை உறிஞ்சுகிறது. பெருமளவு சுவாசிக்கவும் செய்கிறது. வெறுங்கையின் வெப்பமும் உப்பும் அதற்குத் தீங்கு. காலணியில் ஒட்டிய சேறு, ஓர் ஓடையின் நோயை மற்றோர் ஓடைக்குக் கொண்டு சேர்க்கும். தவளைகளின் தோலைத் தாக்கும் ஒரு வகைப் பூஞ்சை நோயால், உலக அளவில் 501 இருவாழ்வி இனங்கள் எண்ணிக்கையில் குறைந்ததாகவும், அவற்றுள் 90 இனங்கள் அழிந்திருக்கலாம் என்றும் 2019-இல் வெளியான ஆய்வு கூறியது. அப் பூஞ்சை மேற்குத் தொடர்ச்சி மலையிலும் பதிவாகியுள்ளது.

எனவே, அரிய தவளைகளின் துல்லியமான இருப்பிடத்தை மறைத்து வைப்பது இன்று ஆய்வாளர்களிடையே வழக்கமாகி வருகிறது. ஆனால் இதிலும் ஒரு சிக்கல் உண்டு. பொதுமக்களின் கண்ணும் காதும் இல்லாமல் இத்தகைய தேடல் நடைபெற முடியாது. இடத்தைச் சொன்னால் கூட்டம் வரும். சொல்லாவிட்டால், அங்கே தவளை இருப்பது அறியாமல் மண் அள்ளும் இயந்திரம் வரும்.

தவளைக் கால் தந்த பாடம்

தவளைகளுக்காக ஏன் இத்தனை பாடு என்று கேட்போர் உண்டு. அதற்கான விடையை இந்தியா ஏற்கெனவே விலை கொடுத்துப் பெற்றிருக்கிறது.

வெளிநாட்டு உணவு மேசைகளுக்காக இந்தியா ஒரு காலத்தில் தவளைக் கால்களை ஏற்றுமதி செய்து வந்தது. 1981-இல் மட்டும் 4,000 டன்னுக்கும் அதிகமான தவளைக் கால்கள் கப்பல் ஏறின. இதற்காக வயல்களிலும் குளங்களிலும் பிடிக்கப்பட்டவை பல கோடித் தவளைகள். வயல்களில் பூச்சிகளைத் தின்று பயிரைக் காத்து வந்த தவளைகள் குறைந்தால், பூச்சிக்கொல்லிக்கு ஆகும் செலவு பெருகும் என்ற எச்சரிக்கை எழுந்தது. ஏற்றுமதியில் ஈட்டிய அன்னியச் செலாவணி, பூச்சிமருந்து வாங்கவே போதாது என்று சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் வாதிட்டனர். இறுதியில் 1987-இல் மத்திய அரசு தவளைக் கால் ஏற்றுமதிக்குத் தடை விதித்தது.

அன்று ஆபத்து கத்தி வடிவில் வந்ததால் கண்ணுக்குத் தெரிந்தது. இன்றைய ஆபத்து அவ்வாறு தெரிவதில்லை. ஓடை வறண்டு போவது, மழை பருவம் தவறிப் பெய்வது, காட்டுத் துண்டுகளுக்கு இடையே சாலை புகுவது என அது ஓசையின்றி வருகிறது.

உலகின் 8,000-க்கும் மேற்பட்ட இருவாழ்வி இனங்களை மதிப்பிட்ட ஆய்வு, 2023 அக்டோபரில் "நேச்சர்" இதழில் வெளியானது. ஐந்தில் இரண்டு இனங்கள், அதாவது சுமார் 41 சதவீதம், அழியும் ஆபத்தில் இருப்பதாக அது தெரிவித்தது. முதுகெலும்பு உள்ள விலங்குகளில் மிக அதிக ஆபத்துக்கு உள்ளானவை இவையே. காலை உயர்த்தி வீசித் துணையை அழைக்கும் மேற்குத் தொடர்ச்சி மலையின் நடனத் தவளைகள், உலகிலேயே மிகுந்த ஆபத்தில் உள்ள பேரினங்களின் வரிசையில் இடம்பெற்றுள்ளன. குப்பைத் தொட்டியில் கிடைத்த அமைதிப் பள்ளத்தாக்குத் தவளையும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

கிடைத்த பிறகு?

அமைதிப் பள்ளத்தாக்குத் தவளைக்கு இன்று ஒரு வீடு இருப்பதற்குக் காரணம், தவளை ஆராய்ச்சி அன்று. அப்பள்ளத்தாக்கை நீரில் மூழ்கடிக்கவிருந்த நீர்மின் திட்டம், மக்களும் அறிவியலாளர்களும் எழுப்பிய எதிர்ப்பால் கைவிடப்பட்டு, 1984-இல் அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. காடு காக்கப்பட்டதால் தவளையும் காக்கப்பட்டது. தேடிப் போனவர்களுக்குக் கண்டெடுக்க அங்கே ஏதோ ஒன்று மிஞ்சியிருந்தது.

தோட்டங்களிலும் சாலையோரங்களிலும் வாழும் தவளைகளுக்கு இத்தகைய பெரும் போராட்டம் தேவையில்லை. ஓர் ஓடையின் இரு கரையிலும் சில மீட்டர் அகலத்துக்கு மரஞ்செடிகளை விட்டுவைப்பது, அங்கே பூச்சிக்கொல்லி தெளிக்காமல் இருப்பது, முதிர்ந்த மரத்தையும் மட்கிய கட்டையையும் அப்புறப்படுத்தாமல் விடுவது போன்ற சிறு ஏற்பாடுகளே பெரும் துணையாகும். இருப்பிட விவரம் வனத் துறைக்கும் தோட்ட உரிமையாளருக்கும் உள்ளூர் ஊராட்சிக்கும் தெரிந்திருந்து, படம் எடுக்க வரும் கூட்டத்துக்குத் தெரியாமல் இருக்குமானால், இடத்தைச் சொல்வதா, மறைப்பதா என்ற சிக்கலுக்கும் ஒருவாறு தீர்வு கிடைக்கும்.

தில்லியில் 2010-இல் வெளியான அந்தப் பட்டியலில் விடை கிடைக்காத பெயர்கள் இன்னும் உள்ளன. அவற்றுள் சில உண்மையிலேயே மறைந்திருக்கலாம். சில, ஏதோ ஒரு மூங்கில் கணுவுக்குள், ஏதோ ஒரு மரப் பொந்துக்குள், வரும் பருவமழைக்காகக் காத்திருக்கலாம். அடுத்த தேடல் குழு போய்ச் சேரும்போது அந்த மூங்கிலும் அந்த மரமும் அங்கே நிற்க வேண்டும் என்பதே முக்கியம்.